ஃபுல் ஃப்ரேம் வாங்கும் முன் லென்ஸ் பையைத் திறந்து பாருங்கள்

மண்டபம், சமையல், மேளம் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் போட்டோவுக்கு வருவார்கள். அப்படித்தான் போன மாதம் ஒரு பெண்ணின் அப்பா வந்திருந்தார். ஆல்பத்தைப் புரட்டினார், விலை கேட்டார், அப்புறம் கொஞ்சம் தயங்கி, "தம்பி, ஃபுல் ஃப்ரேம் கேமராலதானே எடுப்பீங்க? மாப்பிள்ளை கேட்கச் சொன்னாரு" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எந்த லென்ஸ், மண்டபத்தில் வெளிச்சம் எப்படி, மணவறைக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதெல்லாம் பேச்சிலேயே வரவில்லை.

மதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று பதினாறு வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பையன்கள் முதல் இரண்டு வருடத்தில் கடன் வாங்கிச் செய்யும் பெரிய செலவு ஃபுல் ஃப்ரேம் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா. அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது, அது வேலை செய்ய வேறு என்ன வேண்டும் என்பது தெரியாமல் வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாக வாங்கும் தகடுதான் சென்சார். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், பழைய ஃபிலிம் ரோலில் ஒரு படத்தின் அளவு. அதைவிடச் சிறிய சென்சாரைக் கிராப் என்கிறோம்; நிக்கான், சோனியின் கிராப் சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6. கேனானில் அதைவிடக் கொஞ்சம் சிறியது. பரப்பில் பார்த்தால் ஃபுல் ஃப்ரேம் கிராப்பைவிட இரண்டேகால் மடங்குக்கும் சற்று அதிகம். செல்போன் விளம்பரங்களில் வரும் '1 இஞ்ச் சென்சார்' உண்மையில் எந்தப் பக்கமும் ஒரு இஞ்ச் இல்லை. அது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'கிராப் கேமராவில் லென்ஸ் ஜூம் ஆகும்' என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஊர்த் திருவிழாவில் வேட்டி கட்டிப் படம் ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். புரொஜெக்டர் அதே இடத்தில் இருக்கிறது, வேட்டிக்குப் பதில் ஒரு துண்டைக் கட்டினால் என்ன ஆகும்? நடிகரின் முகம் அதே அளவில்தான் விழும். ஓரத்தில் நிற்பவர்கள் துண்டுக்கு வெளியே போய்விடுவார்கள். கிராப் சென்சார் அந்தத் துண்டு. 50 மி.மீ. லென்ஸ் அதில் 50 மி.மீ. லென்ஸாகவேதான் இருக்கிறது (இந்த எண் கூடக் கூடக் காட்சி குறுகி நெருங்கும்). ஓரம் வெட்டுப்படுவதால் ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. மாட்டியது போன்ற காட்சி கிடைக்கிறது. நிக்கான், சோனிக்கு 1.5ஆலும் கேனானுக்கு 1.6ஆலும் பெருக்கிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

இனி நாய்ஸ், அதாவது மங்கிய வெளிச்சத்தில் படத்தில் தெரியும் பொரிப்பொரி. பெரிய சென்சாரில் படம் சுத்தமாக இருப்பது ஏன்?

தூறல் தொடங்கும்போது சிமென்ட் தரையைப் பாருங்கள். முதல் சில நொடிகளில் புள்ளி புள்ளியாகத் திட்டுத்திட்டாக நனைகிறது. ஒரு இடத்தில் நாலு துளி, பக்கத்திலேயே ஒன்றுகூட இல்லை. மழை வலுத்த பின் தரை முழுக்க ஒரே நிறமாகிவிடுகிறது. வெளிச்சமும் துளித்துளியாகத்தான் வந்து விழுகிறது, எது எங்கே விழும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துளி விழுந்தால் அதில் 10 வரை கூடக்குறைய வருவது சகஜம். 10,000 விழுந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 100தான், அதாவது நூற்றில் ஒன்று. கண்ணுக்கே தெரியாது. முகூர்த்த நேரத்து மங்கிய வெளிச்சத்தில் மணப்பெண்ணின் கன்னத்திலும் மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையிலும் பொரிப்பொரியாகத் தெரிகிறதே, அதில் பெரும்பங்கு கேமராவின் கோளாறே இல்லை. வெளிச்சம் குறைவாக வந்ததன் சுவடு அது. ஒரே லென்ஸ் திறப்பு, ஒரே ஷட்டர் என்றால் ஃபுல் ஃப்ரேம் மொத்தமாக இரண்டேகால் மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறது. அதன் பலன் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பானது போல.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2007 ஆகஸ்டில் நிக்கான் ஒரே நாளில் அறிவித்த இரண்டு கேமராக்கள். டி3 ஃபுல் ஃப்ரேம், 12.1 மெகாபிக்சல். டி300 கிராப், 12.3 மெகாபிக்சல். மெகாபிக்சலில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெளிச்சம் குறையும்போது ஏற்றிக்கொள்ளும் ஐஎஸ்ஓ எண்ணின் வழக்கமான எல்லை டி300க்கு 3200, டி3க்கு 6400. சரியாக அந்த ஒரு ஸ்டாப். மெகாபிக்சலை மட்டும் பார்த்துக் கேமரா வாங்குகிறவர்களுக்கு நான் இந்த ஜோடியைத்தான் சொல்வேன்.

அந்த ஒரு ஸ்டாப் லென்ஸ் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டிவிட்டது, அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை நடுவில் நிற்கிறது. மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடுகிறார், நாத்தனார் பின்னாலிருந்து கை நீட்டுகிறார். பெண்ணின் முகம், தாலி, மாப்பிள்ளையின் முகம் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக ஓரடி, ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கின்றன. மூன்றும் தெளிவாக வேண்டும். எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம், ஆனால் தெளிவாக விழும் ஆழம் குறைவு. ஃபுல் ஃப்ரேமில் எஃப் 1.4 திறந்தால் பெண்ணின் ஒரு கண் மட்டும் ஃபோகஸில் இருக்கும், தாலி கரைந்துவிடும். அதனால் எஃப் 4 வைக்கிறேன், ஐஎஸ்ஓ 6400க்குப் போகிறது. பக்கத்தில் நிற்கும் தம்பி கிராப் கேமராவில் அதே காட்சிக்கு எஃப் 2.8 வைத்தால் போதும், ஏறக்குறைய அதே ஆழம் கிடைத்துவிடும். அவனுக்கு ஐஎஸ்ஓ 3200. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாய்ஸில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் கூடுதலாகக் கொடுத்த பணம் அந்த ஒரு படத்தில் எனக்கு ஒன்றும் தரவில்லை.

அது பலன் தருவது லென்ஸை முழுசாகத் திறக்க முடிகிற இடத்தில். பெண்ணைத் தனியாக நிறுத்தி 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் எடுக்கும்போது பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஃபேனும் கரைந்துபோகின்றன, தோல் நிறம் சுத்தமாக வருகிறது. அங்கே ஃபுல் ஃப்ரேமுக்கு ஈடில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு கணக்கு தானாக வரும். லென்ஸின் எஃப் எண்ணையும் 1.5ஆல் பெருக்கிப் பாருங்கள். கிராப் கேமராவில் விலை குறைந்த 50 எஃப் 1.8 மாட்டினால், அது ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ., எஃப் 2.7 போல நடந்துகொள்ளும். லட்சத்துக்கு மேல் கொடுத்து ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கி, கூடவே வரும் கிட் லென்ஸில் எஃப் 5.6 வைத்து எடுக்கிறவரைவிட, அந்தக் கிராப் ஆள் நாலு மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறார். பாடிக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு லென்ஸுக்கு இல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு இதுவே போதும்.

என்னிடம் மூன்று வருடம் உதவிக்கு இருந்த பையன் தனியாகத் தொழில் தொடங்கியதும் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் ஒன்று வாங்கினான். பையில் இருந்தது கிராப் கேமராவுக்கான பழைய ஜூம் லென்ஸ். மாட்டினான், மாட்டிக்கொண்டது, படமும் வந்தது. கிராப் லென்ஸ் என்று தெரிந்ததும் கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுக்கத் தொடங்கிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னக் குறி மட்டும் வரும். ஒரு கல்யாணம் முழுக்க 10 மெகாபிக்சலில் எடுத்திருக்கிறான். ஆல்பத்தில் 12க்கு 36 ஷீட்டில் ஒரே படத்தை முழுதாக விரித்தபோதுதான் தெரிந்தது. 6000 பிக்சல் அகலம் இருந்திருந்தால் இஞ்சுக்கு 166 பிக்சல் வந்திருக்கும். கையில் இருந்தது 3900 சொச்சம், இஞ்சுக்கு 108தான். பெண்ணின் புருவ முடி பென்சிலால் தேய்த்தது போல இருந்தது. அச்சடித்த ஷீட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் மேஜையில் விரித்தான். அந்த ஷீட்டை நாலு சின்னப் படங்களாகப் பிரித்து வேறு டிசைன் போட்டு அச்சடித்துக் கொடுத்தோம். வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லிவிடச் சொன்னேன், சொன்னான்.

லென்ஸ் எடுக்கும்போதே எந்தச் சென்சாருக்கு என்று பார்க்க வேண்டியதன் இன்னொரு பக்கம் இது: எல்லாரும் புகழும் 24-70 மி.மீ. ஜூம் கிராப்பில் 36-105 போல ஆகிவிடும். சின்ன மண்டபத்தில் மேடையில் முப்பது சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றால், பின்னால் போகப் போகச் சுவர்தான் முதுகில் இடிக்கும். கிராப் வைத்திருப்பவர்களுக்கு டாம்ரான் 17-50 எஃப் 2.8 மாதிரியான லென்ஸ்தான் அந்த வேலையைச் செய்யும். சிக்மா 2013இல் கொண்டுவந்த 18-35 எஃப் 1.8 இன்னும் ஒரு படி மேலே. எடை 800 கிராமுக்கு மேல், கை வலிக்கும், ஆனால் முகூர்த்த வெளிச்சத்தில் அருமையாக உழைக்கும்.

பறவை எடுக்கிற நண்பர்கள் கேட்பார்கள், நாங்களும் மாற வேண்டுமா என்று. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கரையில் நின்று நாரைக் கூட்டை எடுக்கிறவருக்குக் கிராப் ஒரு வரம். 500 மி.மீ. லென்ஸ் 750 மி.மீ. காட்சியைத் தரும். நிக்கானின் 45.7 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் டி850ஐ கிராப் முறையில் வைத்தால்கூட 19.4தான் கிடைக்கும், கிராப் கேமராவான டி500 அதே பரப்பில் 20.9 தந்துவிடுகிறது. அவர் பணத்தை லென்ஸிலேயே போடட்டும்.

பாடி மாற்ற நினைப்பவர்களிடம் நான் ஒரு வேலை செய்யச் சொல்வேன். லைட்ரூம் மென்பொருளில் போன ஒரு வருடப் படங்களைத் திறந்து, படத்தோடு பதிவாகும் விவரங்களான மெட்டாடேட்டாவில் எந்த ஃபோகல் லெங்த் (மி.மீ.), எந்த அப்பெர்ச்சர் (எஃப் எண்), எவ்வளவு ஐஎஸ்ஓ என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பையனும் நானும் அவன் கல்யாண வேலைகளை அப்படி உட்கார்ந்து பார்த்தோம். முக்கால்வாசிப் படம் ஜூமின் அகலமான முனையில், எஃப் 4க்குப் பக்கத்தில். தனி முகங்கள் எல்லாம் எஃப் 5.6இல், ஐஎஸ்ஓ 6400க்கு மேல். அடுத்த சீசனுக்கு முன் ஃபுல் ஃப்ரேமுக்கு ஒரு பழைய 24-70ஐச் செகண்ட் ஹேண்டில் எடுத்தான். கிராப் பாடியை விற்க விடவில்லை. அதில் 50 எஃப் 1.8ஐ மாட்டி இன்னொரு தோளில் போட்டுக்கொள்கிறான், முகங்களுக்கு.