அடம் எப்படி அடங்குகிறது?

பெங்களூரு அல்சூர் கடைத்தெருவில் இரண்டரை வயதுக் குழந்தை பலூன் கேட்டுத் தரையில் விழுந்து புரண்டால், "செல்லம் குடுத்தே கெடுத்துட்டாங்க" என்று யாராவது சொல்லிவிட்டுத்தான் போவார். அந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது. ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரை அடம் பிடிப்பது வளர்ச்சியின் ஒரு கட்டம்.

பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி சீக்கிரமே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதற்குக் கடிவாளம் போடும் முன்நெற்றிப் புறணியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதுவரை குழந்தை தன் அமைதியைப் பெரியவர்களிடமிருந்துதான் பெறுகிறது. 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்தார். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கியது.

அடத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மைக்கேல் பொட்டிகல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதில் இரண்டு உணர்ச்சிகள் சேர்ந்து ஓடுகின்றன. கத்தல், உதைத்தல், எறிதல் எல்லாம் கோபம். தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அழுகையும் சிணுங்கலும் துக்கம். கடைசி வரை நிற்கும். பெரும்பாலான அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிகின்றன.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது "ஏன்டா கண்ணா அழற?" என்று கேட்பது பயன்படாது. பதில் சொல்லும் நிலையில் குழந்தை இல்லை. கேள்விகள் கூடக்கூடக் கத்தலும் நீளும். வண்டி வராத ஓரத்துக்குத் தூக்கிப் போய், பக்கத்தில் குந்தி, பேசாமல் இருங்கள். கத்தல் சிணுங்கலாக மாறியதும் அணைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரே வாக்கியம் போதும்: "பலூன் கிடைக்கலைன்னு கோபம் வந்துடுச்சு, இல்ல?" உணர்ச்சிக்குப் பெயர் கிடைத்தால், அடுத்த முறை உதைப்பதற்குப் பதில் சொல்ல ஒரு சொல் இருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது ஓரிடத்தில்தான். அம்மா மூன்று முறை மறுத்ததைப் பாட்டி நாலாவது நிமிடம் வாங்கித் தருவார். எப்போதாவது பலிக்கும் அடம், எப்போதும் பலிக்கும் அடத்தைவிட மறைவது கடினம். வாங்கித் தருவதென்றால் முதலிலேயே தந்துவிடுங்கள். "போலீஸ் புடிச்சுட்டுப் போயிடும்" என்றால் அழுகை நிற்கும், உண்மைதான். கோபத்தின் மேல் பயத்தை ஏற்றியதால் நின்றது, அடங்கக் கற்றுக்கொண்டதால் அல்ல.

தூக்கத்தையும் பாருங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரம் தேவை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கடந்து அப்பா வந்த பிறகு சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் படுத்து, ஆறரைக்குப் பள்ளி வேனுக்காக எழும் குழந்தைக்கு ஏழரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அந்தக் குழந்தையிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கொடுமை.

நான்கு வயதை ஒட்டித்தான், தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதே பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிடிபடுகிறது. அதற்கு முன் "அவனுக்கு எப்படி இருக்கும், யோசி" என்று விளக்கமாகப் பேசுவது வீண்.

பதின்ம வயதில் சிக்கல் வேறு. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் கணினிக் கார் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதினர் நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது, தனியாக ஆடியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. ஆபத்து தெரியாமல் செய்வதில்லை. நண்பர்களின் பார்வைக்கு முன்னால் அந்த அறிவு எடை குறைந்துபோகிறது. அதனால் அறிவுரையைவிட ஏற்பாடு பலன் தரும். ஸ்கூட்டர் சாவி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். சிக்கலில் மாட்டினால் நண்பர்களுக்குத் தெரியாமல் உதவி கேட்க ஒரு சங்கேத வாக்கியம் இருக்கட்டும். "அப்பா, மாத்திரை வாங்கணுமா?" என்று போன் வந்தால், என்ன ஏது என்று கேட்காமல் போய்க் கூட்டி வருவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை மறுநாள் இருக்கட்டும்.

அடம் வழக்கமாக 25 நிமிடத்தைத் தாண்டினால், குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொண்டால், பதின்ம வயதுப் பிள்ளை இரண்டு வாரமாக நண்பர்களையும் சாப்பாட்டையும் தவிர்த்தால், காத்திருக்க வேண்டாம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான தனிப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; இலவசம், நாள் முழுதும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.