அரிவாள் கீறலுக்கு எந்த டியூப்?

குறுவை அறுப்பு தொடங்கினால், நீடாமங்கலம் பக்கத்திலுள்ள என் மருந்துக்கடைக்கு விரலில் துணி சுற்றிக்கொண்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். அறுப்பு இப்போது மிஷினில்தான். ஆனால் மிஷின் எட்டாத வயல் மூலையும் மாட்டுப் புல்லும் இன்னும் கருக்கரிவாளுக்குத்தான்.

போன வாரம் ஓர் அக்கா. "தம்பி, புண்ணுக்கு ஒரு ஆயின்மெண்டு குடு." துணியை அவிழ்த்தால் காப்பித்தூள், அதற்கு மேல் ஏதோ வெள்ளைக் களிம்பு. "பெரியவனுக்குப் படர்தாமரைக்கு வாங்கினது, வீட்ல கெடந்துச்சு" என்றார்.

எனக்குப் பயம் இந்த 'வீட்டில் கிடந்த' டியூப்தான். அதில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், சரி. காயத்தில் தடவினால் ஆறுவதைத் தாமதப்படுத்தும்; உள்ளே சீழ் பிடித்தாலும் சிவப்பையும் வீக்கத்தையும் மறைத்துவிடும்.

எந்தக் களிம்பானாலும் முதலில் குழாய்த் தண்ணீர், சோப்பு. ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள். சேறு உள்ளே இருந்தால் எந்த மருந்தும் பலிக்காது. கழுவிய மேலோட்டமான சிராய்ப்புக்கு வாசலினை மெல்லிசாகத் தடவி, பேண்டேஜ் ஒட்டினாலே போதும் என்பேன். சிலருக்கு இது ஏமாற்றம்தான், மருந்து எரிந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை! அழுக்குப் பட்ட காயத்துக்கு 5 சதவீத போவிடோன் அயோடின் களிம்பு. தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுப் போடுங்கள், பச்சிளங்குழந்தைக்கு வேண்டாம்.

நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி கலந்த களிம்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சில நாளில் காயத்தைச் சுற்றி அரிப்பும் பொடிக் கொப்புளமும் வரும். புண் பெரிதாகிறது என்று நினைத்து இன்னும் அப்புவார்கள். நிறுத்த வேண்டிய நேரமே அதுதான். மியூபிரோசினும் கிருமிக்கொல்லிதான், சீழ் பிடித்த புண்ணுக்கு டாக்டர் எழுதுவது. கீறலுக்கெல்லாம் போட்டால் பின்னால் கிருமி அதற்கு அடங்காது.

பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காத வெட்டு, வாய் பிளந்த வெட்டு, சர்க்கரைக்காரர் காலில் எந்தக் காயமானாலும், கடைக்கு வராமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், அதைத் தடுக்கும் களிம்பு கிடையாது, ஊசிதான். சேறு, சாணி பட்ட காயமென்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். அந்த அக்காவை வாசல் குழாயில் கழுவச் சொல்லிவிட்டு, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.

"சின்னவன் வயித்துல இருந்தப்ப."

சின்னவன் இப்போது காலேஜில் படிக்கிறான். கையில் கட்டுப் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன்.