க்ளே பார் கீறலை நீக்கும் பொருள் அல்ல

சென்ற சனிக்கிழமை காலை, கார்களுக்குப் பாலீஷ் போடும் என் கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கறுப்பு நிறக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பணி ஓய்வு பெற்றவர். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியைப் பெரும்பாலும் தன் கையாலேயே கழுவித் துடைத்து வருபவர். வண்டியை நிழலுக்குள் எடுத்து, பரிசோதனை விளக்கை பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்தபோது, முன்விளிம்பிலிருந்து கண்ணாடி வரைக்கும் நேர்நேராக, நூற்றுக்கணக்கான கீறல்கள் எழுந்து தெரிந்தன. அழுக்குத் துணியால் துடைப்பதால் வரும் கீறல் விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை போலத் தெரியும். இவை அப்படி இல்லை. எதையோ வைத்து முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்ததால் வந்தவை. “க்ளே பார் போட்டீங்களா சார்?” என்று கேட்டேன். பெயிண்டின் மேல் ஒட்டிக்கொண்டதை எடுக்கக் கையால் தேய்க்கும், களிமண் போன்ற கட்டிதான் க்ளே பார். “ஆமா தம்பி, பழைய கீறல் ரெண்டு மூணு இருந்துச்சு, அது போகட்டும்னு போட்டேன். களிமண்தானே, மெத்துனு இருக்கு, அது என்ன பண்ணிடப் போகுது?” என்றார்.

அந்த க்ளேயையும் ஒரு சிறிய டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்தார். எடுத்துப் பிசைந்து பார்த்தேன். இரண்டாவது மடிப்பிலேயே கட்டைவிரலில் ஏதோ நெருடியது. நகத்தால் கிளறியபோது கடுகில் பாதி அளவுள்ள ஒரு மணல் துகள் வெளியே வந்தது. போர்ட்டிகோவில் க்ளே கைதவறி விழுந்ததாகவும், தண்ணீரில் அலசிவிட்டு மீண்டும் பயன்படுத்தியதாகவும் சொன்னார். அந்த ஒரு துகள்தான் பானெட் முழுவதும் கோடு போட்டிருந்தது.

கடந்த இரண்டு மாதங்களில் இப்படி வந்த வண்டிகளில் இது ஐந்தாவது. ஐவரும் வண்டியைக் கண்போலப் பார்த்துக்கொள்பவர்கள் என்பதும், அந்த அக்கறையே அவர்களுக்குச் செலவு வைத்துவிட்டது என்பதும்தான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் குழப்பம் முழுவதும் பெயரிலிருந்தே தொடங்குகிறது. க்ளே பார் களிமண் அல்ல. பிசையத்தக்க செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களைக் கலந்து செய்யப்படுவது அது. ஜப்பானியரான தடாவோ கோடாடே இதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது, அந்த ஆவணம் இதை வளையும் தன்மையுள்ள சாணைக்கல் என்றே குறிப்பிட்டது. இந்தச் சொல்லைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் மென்மையாக இருந்தாலும் அது ஒரு சாணைக்கல். சாணைக்கல்லை எந்தக் கவனத்தோடு கையாள்வீர்களோ அதே கவனம் இதற்கும் தேவை. குழந்தைகள் பொம்மை செய்யும் களியை வாங்கித் தேய்த்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து நின்றவரையும் நான் பார்த்திருக்கிறேன். தோற்றத்தைத் தவிர அதற்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது.

அடுத்தது, என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி: “க்ளே போட்டால் கீறல் போகுமா?” போகாது. ஏன் போகாது என்பதை, எத்தனை முறை சொல்லியிருந்தாலும், மீண்டும் ஒருமுறை விரிவாகச் சொல்கிறேன். உங்கள் காரின் தகட்டுக்கு மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கி நிறத்தைக் காப்பாற்றும் கிளியர் கோட் அதில் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். கீறல் என்பது இந்த கிளியர் கோட்டுக்குள் விழுந்த பள்ளம். பள்ளத்தை எதைக் கொண்டும் துடைத்து எடுக்க முடியாது. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை அதன் அடி மட்டத்துக்குச் சீராகக் குறைத்தால்தான் கீறல் கண்ணுக்கு மறையும். பாலீஷும் இயந்திரமும் செய்வது அந்த வேலையைத்தான். க்ளேயோ பரப்பின் மேல் ஒட்டிக்கொண்டு துருத்தி நிற்பதை மட்டும் அறுத்து எடுக்கும். மேலே நிற்பதை எடுப்பது ஒரு வேலை, உள்ளே விழுந்ததைச் சரிசெய்வது வேறு வேலை. முன்னதற்கு உரிய கருவியைக் கொண்டு பின்னதைச் செய்ய முயன்று, போகவில்லையே என்று இன்னும் அழுத்தித் தேய்த்தால், பழைய இரண்டு கீறல்களோடு புதிதாக இருநூறு சேரும்.

அதேபோல, வெளுத்துப்போன பெயிண்டுக்கும், பறவை எச்சம் அரித்த தடத்துக்கும், கிளியர் கோட் உரிந்து போன இடத்துக்கும் க்ளே எதுவும் செய்யாது. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதால் விழுந்த உப்புக்கறை பரப்பின் மேல் மட்டும் இருந்தால் ஓரளவு போகும். பெயிண்டை அரித்து உள்ளே இறங்கியிருந்தால் போகாது. எங்கள் ஊரில் குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரை வண்டி கழுவச் செலவழிக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் காயவிடாமல் உடனே துடைத்துவிட்டாலே போதும்.

அப்படியானால் க்ளே எதற்குத்தான்? எங்கள் கோயம்புத்தூரைப் போன்ற ஊரில் அதற்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கங்களில் வார்ப்படத் தொழிற்சாலைகளும் லேத் பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் சுற்றிலும் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் மேல் சூடாக வந்து விழுந்து, கிளியர் கோட்டில் பற்றிக்கொள்கிறது. ரயில் பாதையை ஒட்டி நிறுத்தும் வண்டிகளுக்கு ரயிலின் பிரேக்கிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் இதே துகள் வருகிறது. உங்கள் காரின் பிரேக் டிஸ்க்கிலிருந்தும் வருகிறது. வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள், டிக்கியிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, வண்டி துருப்பிடித்துவிட்டது என்று பதறிப்போய் வருவார்கள். பெரும்பாலும் துருப்பிடிப்பது வண்டித் தகடு அல்ல, மேலே ஒட்டிய அந்த இரும்புத் துகள். இதனோடு சாலையிலிருந்து தெறித்த தார், மரத்திலிருந்து சொட்டிய பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்பிரே அடித்தபோது காற்றில் பறந்து வந்த பெயிண்ட் என்று எத்தனையோ சேரும். ஷாம்பூவால் இவை போவதில்லை.

உங்கள் வண்டிக்கு க்ளே தேவையா என்று தெரிந்துகொள்ள என்னிடம் வர வேண்டியதில்லை. வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்த பின், மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, விரல்நுனிகளால் பெயிண்டை லேசாக வருடிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே மணல் தாளைத் தொட்டது போலத் தெரியும். கண்ணாடி போல வழுக்கினால் உங்களுக்கு க்ளே தேவையில்லை, தயவுசெய்து போடாதீர்கள். டாப்பில் மட்டும் சொரசொரப்பு இருந்தால் டாப்புக்கு மட்டும் போடுங்கள். தேவைப்படும் வண்டிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை போதும். ஒவ்வொரு முறையும் க்ளே ஏதோ சிறிது மங்கலை விட்டுத்தான் போகும், அந்த மங்கலை எடுக்கப் பாலீஷ் போட வேண்டும், பாலீஷ் ஒவ்வொன்றும் கிளியர் கோட்டில் சிறிதளவைத் தின்னும், தின்றதைத் திரும்ப வைக்க எவராலும் முடியாது. மாதாமாதம் க்ளே போடுவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர்களும், ஒரே க்ளேயை மாலை வரை வரும் வண்டிகளுக்கெல்லாம் தேய்ப்பவர்களும் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியைக் கொடுக்கும் முன், புதிய துண்டைக் கண்முன்னே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

நீங்களே செய்வதென்று முடிவெடுத்தால், க்ளேயைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய வண்டியில் முதலில் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடியுங்கள். அதில் உள்ள தயோகிளைகோலேட் உப்பு இரும்போடு சேர்ந்தவுடன் ஊதா நிறமாக மாறி வழியும்; நாற்றம் கடுமையாக இருக்கும், கையுறை அவசியம். காயவிடாமல் சில நிமிடங்களில் அலசிவிட வேண்டும். தாருக்கு உரிய கரைப்பானால் தாரைத் துடைத்தெடுங்கள். இவ்வளவு செய்த பிறகு பிளாஸ்டிக் பையை மாட்டி மறுபடியும் தடவிப் பார்த்தால், பல வண்டிகளில் க்ளேக்கு மிச்சமிருக்கும் வேலை கால்வாசிதான் என்று தெரியும். இந்த வரிசையைச் சோம்பலால் மாற்றுகிறவர்கள்தான் இரும்புத் துகளை க்ளேயில் அப்பி, அதைக் கொண்டே பெயிண்டைத் தேய்க்கிறார்கள்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும், தகடு குளிர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் மொட்டை வெளியில் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைத் தெளித்துத் தெளித்துத் தேய்ப்பது வண்டிக்குச் செய்யும் கொடுமை. தெளித்த ஈரம் கை திரும்புவதற்குள் ஆவியாகிவிடும். வெறும் தண்ணீர் எந்நாளும் போதாது. க்ளேக்கென்று விற்கும் வழுக்குத் திரவமோ, கார் ஷாம்பூவைக் கலந்த வழுவழுப்பான நீரோ தாராளமாக இருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். க்ளேயும் பெயிண்டும் ஒன்றையொன்று நேராகத் தொடாமல், இடையில் அந்த ஈரப்படலம் இருப்பதுதான் உங்கள் பெயிண்டுக்கு இருக்கும் ஒரே காப்பு. அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

க்ளேயில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று வகைகள் உண்டு. நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நிறத்தில் செய்கிறது, ஆகவே உறையில் உள்ளதைப் படியுங்கள். வீட்டில் செய்பவர்களுக்கு மென்மையான வகை போதும். வாங்கிய கட்டியை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி, ஒரு துண்டை மட்டும் எடுத்து, தட்டை போலத் தட்டிக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மட்டும் நனைத்து, விரலின் கனம் தவிர வேறு அழுத்தம் இல்லாமல், நேர்கோட்டில் நகர்த்துங்கள். வட்டமாகச் சுற்ற வேண்டாம். ஆரம்பத்தில் கரகரவென்று ஒரு சத்தம் காதுக்கும் விரலுக்கும் வரும். நான்கைந்து முறை போய் வந்ததும் அது அடங்கி, க்ளே வழுக்கத் தொடங்கும். சத்தம் அடங்கிய நொடியில் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இன்னொரு முறை போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் இருக்காது. ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு க்ளேயைத் திருப்பிப் பாருங்கள். அழுக்கு தெரிந்தால் உள்ளே மடித்துப் பிசைந்து புதிய முகத்தை வெளியே கொண்டு வாருங்கள். மடித்தும் பழுப்பாகவே இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கீழே விழுந்தால் எறிந்துவிடுங்கள். புதிய துண்டாக இருந்தாலும், வழவழப்பான டைல்ஸ் தரையில் விழுந்திருந்தாலும், உடனே எடுத்துவிட்டாலும் எறிந்துவிடுங்கள். அலசினால் போய்விடும் என்று எண்ணாதீர்கள், பிசினுக்குள் புதைந்த மணல் தண்ணீருக்கு வராது. சில நூறு ரூபாய்த் துண்டைக் காப்பாற்றப்போய் பல ஆயிரம் ரூபாய் செலவழித்தவர்களைத்தான் நான் இந்த மாதம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் க்ளே கூடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துப் போனால் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. பெயிண்டைக் காக்க மேலே செராமிக் கோட்டிங் என்ற பூச்சு போட்ட வண்டியில் க்ளே அந்தக் கோட்டிங்கையும் சேர்த்தே தேய்க்கும், போட்டவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதியைப் பெயிண்ட் நன்றாக இறுகும் வரை விட்டுவையுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் விழுந்த சிமெண்ட் துளியை க்ளேயால் எடுக்க முயலாதீர்கள், அதற்குள் இருப்பதே மணல். முன்கண்ணாடிக்கு மட்டும் எனக்குத் தயக்கமில்லை. வைப்பர் தடதடக்கும் பல கண்ணாடிகள் க்ளே போட்டதும் அமைதியாகிவிடும். ஆனால் கண்ணாடிக்குப் பயன்படுத்திய துண்டைப் பெயிண்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

க்ளே போட்டு முடித்ததும் மேலே இருந்த மெழுகும் பெரும்பாலும் போயிருக்கும். அன்றைக்கே மெழுகோ, மெழுகைப் போலவே பெயிண்டைக் காக்கும் சீலண்டோ போட்டுவிடுங்கள், நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். கறுப்பு, கருநீல வண்டிகளில் க்ளேயின் லேசான மங்கல் கண்ணுக்குத் தெரியும் என்பதால், அடுத்து மென்மையான பாலீஷ் ஒன்று தேவைப்படும் என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். அதற்கு நேரமோ கருவியோ இல்லையென்றால், அந்த நிற வண்டிகளில் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அந்தக் கறுப்புக் காரின் பானெட்டை, பெயிண்டின் தடிமனை அளக்கும் மானியால் இருபது இடங்களில் அளந்தேன். நடுவில் 110 மைக்ரானுக்கு மேல் காட்டியது. முன்விளிம்பில், முன்பே எங்கோ பாலீஷ் போட்டிருக்க வேண்டும், 80ஐத் தாண்டவில்லை. மானி காட்டுவது எல்லா அடுக்குகளையும் சேர்த்த அளவு. கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று அது பிரித்துச் சொல்லாது. ஆகவே நடுப்பகுதியை இரண்டு கட்டமாகப் பாலீஷ் செய்து தெளிவாக்கினேன். விளிம்பில் இருந்த மூன்று ஆழமான கீறல்களைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று மானியை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன். எண்ணைப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும் தம்பி, விட்டுடுங்க” என்றார். புறப்படும்போது தன் டப்பாவைக் கேட்டார். க்ளேயைக் குப்பையில் போட்டுவிட்டு, டப்பாவை மட்டும் கழுவிக் கொடுத்தேன்.