அழவில்லை என்பதற்காகச் சந்தேகப்படாதீர்கள்

"அந்தம்மா சொல்றது ஒவ்வொரு தடவையும் மாறுது மேடம், நம்பவா வேண்டாமா?" இந்த மாதமும், அடிபட்டு உதவி கேட்டு வருபவர்களைச் சந்திக்கும் ஒரு கவுண்டர் அதிகாரியிடமிருந்து இதே கேள்வி. வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் ஒரு குழுவை மலேசியாவின் பினாங்கில் நடத்துகிறேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைக்கிறேன்.

மாறத்தான் செய்யும். அடி விழும்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. உயிர்ப்பயத்தில் மனம் சிலவற்றை அப்படியே பிடித்துக்கொள்ளும், சிலவற்றை விட்டுவிடும். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசைதான் பெரும்பாலும் குழம்பும். அடித்தவன் போட்டிருந்த சட்டையின் நிறம் தெரியும், தேதி தெரியாது. முதலில் செவ்வாய்க்கிழமை என்றவர் பிறகு "இல்ல, தைப்பூசத்துக்கு முதல் நாள்" என்றால் அதைப் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். அழவே இல்லையே, சிரித்துக்கொண்டு சொல்கிறாரே என்பதும் அப்படித்தான். அழுதால் இன்னும் நாலு அடி விழும் என்று வருடக்கணக்கில் பழகியவர் உங்கள் மேசைக்கு முன்னால் மட்டும் எப்படி அழுவார்? உண்மையைத் தீர்மானிக்கப் போலீஸும் கோர்ட்டும் இருக்கின்றன. நம் வேலை அவர் இன்றிரவு எங்கே தூங்குவார் என்பது.

பாதி முரண்பாட்டை நாமே உண்டாக்குகிறோம். அவர் தமிழில் சொல்கிறார், ரிப்போர்ட் அவசரமாக மலாயில் எழுதப்படுகிறது, அடுத்த அதிகாரி அதைப் படித்துவிட்டு முதலிலிருந்து கேட்கிறார். மருத்துவப் பரிசோதனை, போலீஸ், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்றுதான் 1990-களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் ஓஎஸ்சிசி என்ற நெருக்கடி உதவி மையத்தைத் தொடங்கினார்கள். இன்னும் அவரை ஒவ்வொரு மேசையாக அனுப்பினால் எப்படி?

அப்புறம், "பேசித் தீர்த்துக்கோங்கம்மா, பிள்ளைங்க இருக்கு" என்ற புத்திமதி. தயவுசெய்து நிறுத்துங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. 2018 முதல் சமூகநல அதிகாரியே இபிஓ, அதாவது அவசரப் பாதுகாப்பு ஆணை, கொடுக்கலாம். அது 7 நாள் செல்லும். கவுண்டரில் இருப்பவருக்கே இது தெரியாவிட்டால், வருபவரிடம் யார் சொல்வது?

என் குழுவில் சில விஷயங்களுக்கு விட்டுக்கொடுப்பதே இல்லை. கணவரோ மாமியாரோ கூட வந்தாலும் பாதிக்கப்பட்டவரைத் தனியாக வைத்துத்தான் பேச வேண்டும். மொழிபெயர்க்கச் சொந்தக்காரரை, குறிப்பாகப் பிள்ளையை, உட்கார வைக்கவே கூடாது. எந்த நம்பருக்கு, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று அவரையே கேளுங்கள்; வீட்டுக்குக் கடிதம் போனால் அதற்கும் அடி விழலாம். "ஏன் இத்தனை வருஷம் இருந்தீங்க" என்ற கேள்வி வேண்டாம், அதற்கான பதில் உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்துக்கும் தேவையில்லை. திரும்பி அவனிடமே போனாலும் கோபப்படாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பி, தாலியான் காசிஹ் என்ற அரசு உதவி அழைப்பின் 15999 எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

குழுத் தலைவர்களுக்கு ஒன்று. ஒரே அதிகாரிக்குக் கனமான கேஸ்களை அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். கேட்டுக் கேட்டு மரத்துப்போனவர்தான் கடைசியில் "இவங்க பொய் சொல்றாங்க போல" என்று ஆரம்பிக்கிறார். அவரைத் திட்டுவதற்கு முன், கடைசியாக எப்போது அவரை உட்கார வைத்து "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டீர்கள் என்று பாருங்கள்.