அந்தச் சீனக் கதவுப் பலகையை வாங்கும் முன்

பழைய சீன வீட்டிலிருந்து பெயர்த்த செதுக்குப் பலகையை வரவேற்பறைச் சுவரில் மாட்டித் தரச் சொல்கிறவர்களை, உள்ளலங்காரத் தொழிலில் இருக்கும் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆசை புரிகிறது, வேலைப்பாடு அப்படி. ஆனால் அது ஒரு வரிசையிலிருந்து உருவிய துண்டு என்று விற்பவர் சொல்வதில்லை.

அதிகாரிகளின் வீடுகளில் முற்றத்தைப் பார்த்த கதவுகள் நான்கு, ஆறு எனச் சேர்ந்தே நிற்கும். மேலே வெளிச்சத்துக்கான பின்னல் சட்டம், கீழே காலும் ஈரமும் படும் பெரிய பலகை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகலான பட்டையில்தான் பல வீடுகளில் தச்சர் தன் முழுத் திறமையையும் காட்டியிருப்பார். ஒரு நாடகக் கதை கதவுக்குக் கதவு தொடர்வதும் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டால் கதை அறுந்துவிடும்.

உருவங்களும் சும்மா வந்தவை அல்ல. சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் உள்ள சொற்கள் ஒரே ஒலி, மானும் அரசுச் சம்பளமும் அப்படியே. குதிரைமேல் குரங்கு இருந்தால் சீக்கிரமே பிரபுப் பட்டம் கிடைக்கட்டும் என்று பொருள். கொக்கும் தாமரையும் அரசுத் தேர்வுகளில் அடுத்தடுத்துத் தேற வேண்டும் என்ற வேண்டுதல்.

ஆனால் நினைத்ததையெல்லாம் செதுக்கிவிட முடியாது. மிங் அரச வம்சக் காலத்து விதிகள் அதிகாரிகளின் வீட்டில் டிராகன், பீனிக்ஸ், சூரியன், சந்திரன், யானை உருவங்களைத் தடுத்தன. அடுத்து வந்த சிங் வம்ச ஆட்சியிலும் கெடுபிடி தொடர்ந்தது. பெய்ஜிங்கில் இன்று குங் இளவரசர் மாளிகை எனப்படும் வீட்டைக் கட்டிய ஹெஷென், சியன்லுங் பேரரசருக்கு மிகவும் வேண்டிய அமைச்சர். 1799இல் பேரரசர் இறந்ததும் அவர்மீது 20 குற்றங்கள் சுமத்தப்பட்டன. அவற்றில் ஒன்று, அரண்மனையின் நிங்ஷோ மாளிகையைப் போலவே, தகுதிக்கு மீறி நன்மு என்ற உயர்ந்த வகை மரத்தில் வீடு அமைத்தது! ஹெஷென் அமைத்த அந்த மண்டபம் இன்றும் இருக்கிறது. பெய்ஜிங் போகிறவர்கள் அங்கே நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் எத்தனையோ செதுக்கல்களின் முகங்களை உளியால் சிதைத்தார்கள். அன்ஹுய் மாகாணத்தின் தெற்குப் பகுதியில் சிலர் மண் பூசி மறைத்துக் காப்பாற்றினார்கள். அப்படித் தப்பியதை நாம் துண்டு துண்டாக வாங்குவது எனக்குத் தாங்கவில்லை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே வீட்டில் இருந்தால்? உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பழைய அரக்குப் பூச்சும் பொன்முலாமும் அதோடு போய்விடும். வார்னிஷும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஏசி காற்றும் நேர் வெயிலும் படாத சுவரில் மாட்டுங்கள். சிதைந்த முகங்களுக்குப் புது முகம் செதுக்கி ஒட்டாதீர்கள்.