சமையலறை வண்டி எந்தப் பக்கம் கவிழும்?

பினாங்கின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சமையலறை சிறியது. அதனால் கிரைண்டர், ரைஸ் குக்கர், மசாலா டப்பாக்கள் எல்லாம் ஒரு சக்கர வண்டியில் குடியேறிவிடுகின்றன. அந்த வண்டியை ஒருமுறை காலியாக்கி, கவிழ்த்து, அதன் சக்கரங்களைப் பாருங்கள்.

சக்கரத்தின் அச்சு, அதைத் தாங்கும் செங்குத்துத் தண்டுக்கு நேர் கீழே இருக்காது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகியிருக்கும். இந்த விலகல்தான் வண்டியைத் திரும்ப வைக்கிறது. தள்ளும்போது தண்டு முன்னே போகிறது, தரையின் உராய்வு சக்கரத்தைப் பின்னே இழுக்கிறது. தண்டுக்கு நேர் பின்னால் வந்து சேரும்வரை சக்கரம் சுழல்கிறது. விலகல் இல்லையென்றால் திருப்புவிசையே பிறக்காது.

இதனால் ஒரு விளைவு உண்டு, பலரும் கவனிப்பதில்லை. வண்டியை உங்களை நோக்கி இழுத்து நிறுத்தினால், நான்கு சக்கரங்களும் உங்களுக்கு எதிர்ப்புறம் ஒதுங்கி நிற்கும். தரையைத் தொடும் புள்ளிகள் உங்களைவிட்டு நகர்ந்துவிட்டன. அந்த நிலையில் உங்கள் பக்கத்து விளிம்பில் கையை ஊன்றிச் சப்பாத்தி தேய்த்தால், வண்டி உங்கள் மீதே சாய முயலும். இழுத்தபின் ஒரு சாண் பின்னே தள்ளுங்கள். சக்கரங்கள் அரைவட்டம் சுற்றி உங்கள் பக்கம் வந்துவிடும். அதன்பிறகு பூட்டுங்கள்.

பூட்டிய பின்னும் வண்டி ஆடுகிறதா? சில பூட்டுகள் சக்கரம் உருள்வதை மட்டுமே தடுக்கும், தண்டு தாராளமாகச் சுழலும். வாங்கும்போது இரண்டையும் நிறுத்தும் பூட்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

எடையை எங்கே வைப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே 40 செ.மீ. அகலம் என்று கொள்வோம். மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், வண்டி சுமார் 27 பாகை சாய்ந்தபின்தான் கவிழும். கிரைண்டரை மேல்தட்டில் ஏற்றி மையம் 70 செ.மீ.க்கு உயர்ந்தால் 16 பாகையே போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் கிரைண்டரின் இடம் அடித்தட்டுதான். இதில் சமரசம் கூடாது.

ஈரம் பரவாமலிருக்கச் சமையலறைத் தரையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டுவதுண்டு. 10 மி.மீ. மேட்டில் ஏற, 50 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு, அதன்மேல் இறங்கும் எடையைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு கிடைவிசை, அதாவது தரைக்கு இணையாகத் தள்ளும் விசை, தேவை. 75 மி.மீ. சக்கரத்துக்கு அந்த எடைக்கும் சற்றுக் குறைவாகவே போதும். மேல்விளிம்பைப் பிடித்து முரட்டுத்தனமாகத் தள்ளினால், மேட்டில் சக்கரம் நின்றுபோகும், வண்டியின் உடல் மட்டும் முன்னே சாயும். தாழ்வாகப் பிடித்து, ஒரு பக்கத்தைச் சற்றே தூக்கி ஏற்றுங்கள்.

சக்கர அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் கத்தரித்து எடுத்துவிட்டு ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விடலாம். நல்லெண்ணெய் வேண்டாம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

மலேசியாவில் விற்கும் வண்டிகள் பலவற்றின் மேற்பலகை ரப்பர் மரம். நம் முன்னோர் தோட்டங்களில் பால் வெட்டிய அதே மரம். ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டுவார்கள். ஒரு காலத்தில் விறகாகவே எரித்தார்கள். அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால் பூஞ்சையும் வண்டும் விரைவில் தாக்கும். ஆகவே அறுத்த உடனே போரான் சேர்மங்களை ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள்.

உலர்ந்த மரமும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். இழையின் நீளத்தில் அது பெருப்பதில்லை என்றே சொல்லலாம், அகலத்தில்தான் பெருக்கும். ரைஸ் குக்கரின் ஆவி பலகையின் ஒரு முகத்தில் மட்டும் பட்டால் அந்த முகம் மட்டும் விரியும், பலகை வளையும். உணவுத் தரக் கனிம எண்ணெயை மேலே மட்டும் பூசி நிறுத்திவிடாமல் அடிப்புறத்திலும் பூச வேண்டும். இழைகள் அறுபட்டுத் தெரியும் ஓரங்கள் ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சும். அங்கே இரண்டு முறை பூசுங்கள்.