நாளுக்கு எட்டு யூனிட்

கோயம்புத்தூர்ப் பகுதியின் நூற்பாலைகளிலும் வார்ப்பகங்களிலும் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வதே எரிசக்தித் தணிக்கையாளனாக என் தொழில். சில ஆண்டுகளாக, கேட்டுக்கொள்ளும் குடும்பங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்கும் சென்று அதே கருவிகளை வைத்து அளந்து வருகிறேன். மாதச் செலவை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது என்று கேட்பவர்களிடம் மின் கட்டணத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வேன். பாலின் விலையோ பள்ளிக் கட்டணமோ நம் கையில் இல்லை; அவற்றைக் குறைக்க வேண்டுமானால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மின்சாரத்தில் மட்டும், வீட்டில் யாருடைய வசதியும் குறையாமலேயே செலவைக் குறைக்க முடிகிறது. அதற்கும் மேலாக, தமிழ்நாட்டின் கட்டண அமைப்பில் பயன்பாடு குறையக் குறைய யூனிட்டின் விலையும் சேர்ந்து குறைகிறது.

அந்த அமைப்பை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும் வீட்டு இணைப்புகளுக்கு, 2016 மே 23-இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 45 காசு, 501 முதல் 600 வரை 8 ரூபாய் 55 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு, 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 70 காசு, அதற்கும் மேல் 11 ரூபாய் 80 காசு என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தது. அரசு மானியம் கழிந்து நம் கைக்கு வரும் ரசீதில் இவை சில காசுகள் குறைவாகவே இருக்கும். பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டுக்குப் பாதி விலைதான். மொத்தம் 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை முழுவதும் போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடியதற்காக இருநூறு ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது.

ஐநூறை அறுபது நாட்களால் வகுத்தால் நாளுக்கு எட்டு யூனிட்டும் சில்லறையும் வரும். ஆகவே நான் செல்லும் வீடுகளில் எல்லாம் “நாளுக்கு எட்டு” என்ற கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கணக்கெடுப்பவர் வந்து சென்ற நாளில் மீட்டரில் இருந்த எண்ணை நாட்காட்டியில் எழுதி வைத்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் கழித்துக்கொண்டால் போதும். எண்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை. நூறைத் தாண்டியிருந்தால் இன்னும் ஐம்பது நாள் கையில் இருக்கும்போதே காரணத்தைத் தேடலாம். கணக்கெடுப்பு அறுபது நாட்களைத் தாண்டித் தள்ளிப்போனால் கூடுதல் நாட்களின் பயன்பாடும் சேர்ந்து வரம்பைக் கடக்க வாய்ப்பிருக்கிறது. அப்போது மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முறையிட வேண்டுமானால், தேதியுடன் நீங்கள் எழுதி வைத்த எண்களே உங்கள் சான்றாக இருக்கும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஐந்து பேர் வாழும் ஒரு வீட்டில் கண்டதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான நடுத்தர வீடுகளின் நிலை இதுவே. குளிர்சாதனப் பெட்டி உண்டு, ஏசி கிடையாது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு 630 யூனிட் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. “கிரைண்டர் போடுவதை வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிட்டோம் தம்பி, அப்படியும் குறையவில்லை” என்று அந்த வீட்டு அம்மா வருத்தத்துடன் சொன்னார். சத்தம் போடும் கருவியே அதிக மின்சாரத்தைக் குடிக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மேசைமேல் வைக்கும் கிரைண்டர் 150 வாட் அளவுதான் எடுக்கும். வாரம் இருமுறை முக்கால் மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்தில் இரண்டு யூனிட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். மிக்சிக்கு ஆறு யூனிட். பாட்டி பார்க்கும் தொலைக்காட்சியின் மேல் எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. அதற்கு முப்பதுக்கும் குறைவே.

உண்மையில் பெரும்பங்கை எடுத்தவை சத்தமின்றி நாள் முழுவதும் ஓடியவை. பழைய மின்விசிறிகள் நான்கு, ஒவ்வொன்றும் 75 வாட். நான்கும் சேர்ந்து நாளுக்கு 44 மணி நேரம் ஓடின. அதற்கு மட்டும் இரண்டு மாதத்தில் 198 யூனிட். பதினோரு ஆண்டு பழைய குளிர்சாதனப் பெட்டிக்கு 120. சோக்குடன் கூடிய ஐந்து பழைய குழல் விளக்குகளுக்கு 75. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியதில் 60. இவற்றோடு யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று 65 யூனிட் எடுத்துக்கொண்டிருந்தது. அது மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டர்.

2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வாங்கின. மின்வெட்டு குறைந்த பிறகும் அவை இணைப்பிலேயே இருக்கின்றன. பேட்டரி முதுமையடைந்ததும் அது ஒருபோதும் முழுமையாக நிரம்பாமல், மின்னேற்றம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். அந்த வீட்டு இன்வெர்ட்டர் விளக்கு ஒன்றையும் எரிக்காமல் இரவும் பகலும் 45 வாட் எடுத்தது. ஒரு வாட் எடுக்கும் எதுவும் இரண்டு மாதம் அணையாமல் இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் ஆகும் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், வைஃபை ரூட்டர், செட்டாப் பெட்டி ஆகியவற்றையும் நீங்களே மதிப்பிட்டுவிடலாம். இந்த இரண்டும் சேர்ந்து அங்கே இருபது வாட் எடுத்தன. அது 29 யூனிட். நோயாளிக்கான கருவிகள் ஓடும் வீட்டில் இன்வெர்ட்டரை அகற்றச் சொல்லமாட்டேன்; அங்கே பேட்டரியை மாற்றுவதே சரி.

அவர்கள் செய்தவை நான்கு. கூடத்திலும் படுக்கையறையிலும் அதிக நேரம் ஓடும் இரண்டு மின்விசிறிகளை மட்டும் முப்பது வாட் அளவில் ஓடும், குறைந்த மின்சாரம் எடுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி வகைக்கு மாற்றினார்கள். குழல் விளக்குகளை இருபது வாட் எல்இடியாக மாற்றினார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவின் தளர்ந்துபோன ரப்பர் பட்டையைப் புதிதாகப் போட்டார்கள். இன்வெர்ட்டரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களுக்கு முன் மட்டும் இணைக்கிறார்கள். மொத்தச் செலவு எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அடுத்த கணக்கெடுப்பில் 425 யூனிட் வந்தது. யூனிட் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் 3,200 ரூபாயை ஒட்டி இருந்த கட்டணம் 1,400 ரூபாய்க்குள் இறங்கியது. ஒவ்வொரு முறையும் சுமார் 1,800 ரூபாய் மிச்சமாவதால், போட்ட பணம் ஐந்து கட்டணங்களில் திரும்பிவிடும். மற்ற இரண்டு மின்விசிறிகளையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார்கள். நாளுக்கு ஆறேழு மணி நேரமே ஓடும் விசிறியை, அது பழுதாகும்போது மாற்றிக்கொண்டால் போதும் என்று சொன்னேன். கிரைண்டரைப் பழையபடி வாரம் இருமுறை போடலாம் என்றும் சொன்னேன்.

உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் எவ்வளவு என்று அறிய என்னைப் போன்ற ஒருவர் வரவேண்டியதில்லை. விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டு மீட்டர் முன் நில்லுங்கள். மின்னணு மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்று இருந்தால், ஆறு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி மூன்றால் பெருக்குங்கள். வருவது ஏறக்குறைய அந்த நேரத்தில் ஓடும் வாட். சிங்காநல்லூர் வீட்டில் 21 முறை மின்னியது. இன்வெர்ட்டரும் ரூட்டரும் செட்டாப் பெட்டியும் அதில் வெளிப்பட்டுவிட்டன. பிளக்குகள் அனைத்தையும் பிடுங்கிய பிறகும் மின்னிக்கொண்டிருந்தால் அதைச் செலவுப் பிரச்சினையாக மட்டும் எண்ணாதீர்கள். வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம். ஈரச் சுவரைத் தொடும் குழந்தைக்கு அது உயிர் ஆபத்து. உரிமம் பெற்ற மின்பணியாளரை அன்றே அழைத்து, கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி இல்லாவிட்டால் அதையும் பொருத்தச் சொல்லுங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் பட்டையைச் சோதிப்பது எளிது. ஏதேனும் ஒரு பணத்தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்புறச் சூடு வெளியேறாது என்பதும் பல வீடுகளில் நான் திருத்தச் சொல்லும் செய்தி. புதிதாக வாங்கும்போது நட்சத்திர எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் முத்திரைச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு பெட்டிகளின் அந்த எண்களைக் கழித்துப் பார்த்தால், கூடுதல் விலை எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது கடையிலேயே தெரிந்துவிடும். கூரை மின்விசிறிகளுக்கும் இந்த முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயம்.

ஏசி உள்ள வீடுகளில் கோடைக் கணக்கு ஐநூறுக்குள் நிற்பது கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது அதே பணியகத்தின் கணக்கு. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டே தயாரிக்கப்படுகின்றன. 24-இல் வைத்து மின்விசிறியைச் சேர்த்து ஓடவிட்டால் பெரும்பாலோருக்குக் குளிர் போதுமானதாக இருக்கிறது. வடிகட்டி வலையை மாதம் இருமுறை கழுவுங்கள்.

எரிவாயுவா, இண்டக்‌ஷன் அடுப்பா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்யச் சுமார் 120 முதல் 140 யூனிட் தேவைப்படும். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசாக இருந்தது. யூனிட் 4 ரூபாய் 80 காசு விலையில் இருக்கும் குடும்பத்துக்கு இண்டக்‌ஷன் இலாபம். ஏற்கெனவே ஐநூறைத் தொட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அதே சமையல் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அவர்களுக்குச் சிலிண்டரே நல்லது. முந்நூறு யூனிட் அளவில் இருப்பவர்கள் பால் காய்ச்சுவது, வெந்நீர் வைப்பது போன்றவற்றை மட்டும் மாற்றிக்கொண்டு, நாளுக்கு எட்டு என்ற எல்லைக்குள் நிற்கலாம். எதில் சமைத்தாலும் பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பது மிச்சம்தான்.

கூரைச் சூரிய மின்சாரம் குறித்தும் ஒரு சொல். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. நல்ல திட்டம்தான்; ஆனால் இருநூறு முந்நூறு யூனிட் மட்டும் பயன்படுத்தும் வீடு அவசரப்பட வேண்டியதில்லை, ஏனெனில் மலிவான யூனிட்டுகளைத்தான் அது ஈடுசெய்யும். அதிகம் பயன்படுத்துபவர்கள்கூட முதலில் வீணாவதை நிறுத்திவிட்டு, பிறகு மீதமுள்ள தேவைக்கு ஏற்ற அளவில் தகடுகளைப் பொருத்தினால் முதலீடு கணிசமாகக் குறையும்.

வாடகைக்கு இருப்பவர்களின் நிலையே எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஒரே இணைப்பில் மூன்று நான்கு குடித்தனங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் துணை மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு எட்டு அல்லது பத்து ரூபாய் என்று ஒரே விலையில் வாங்கும் வழக்கம் நகரங்களில் பரவலாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் 200 யூனிட் மட்டும் செலவழிக்கும் குடும்பம், தனி இணைப்பு இருந்தால் 240 ரூபாய்க்குள் முடிய வேண்டியதற்கு, 1,600 முதல் 2,000 ரூபாய் வரை கொடுக்கிறது. இலவச நூறும் பாதி விலை நூறும் அதற்குக் கிடைப்பதே இல்லை. மாத வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டுப் பேரம் பேசுபவர்கள், தனி மீட்டர் உண்டா என்று கேட்காமலேயே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே மீட்டர் பெட்டியைத் திறந்து, அந்தக் குடித்தனத்துக்கென்று தனி இணைப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், யூனிட் விலை எவ்வளவு, மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் செலவு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குடிபுகும் நாளில் துணை மீட்டரின் எண்ணை வீட்டு உரிமையாளருடன் சேர்ந்து பார்த்து, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.